ஓரியன் நெபுலாப் படத்துக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மார்கழி அமாவாசை இரவில் ஜவ்வாது மலையில் நான் எடுத்த ஓரியன் நெபுலாவின் (ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒளிரும் வாயு, தூசு மேகம்) படத்தைப் பார்த்தவர்களுள் பெரும்பாலோர் கேமராவைப் பற்றியே விசாரித்தார்கள். அந்தப் பழைய கேமராவும் 200 மி.மீ. லென்சும் நண்பர் ஒருவர் இரவலாகத் தந்தவை. அவருக்கு முதல் நன்றி.

ஆனால் படத்தில் விண்மீன்கள் புள்ளிகளாக நிற்பதற்குக் காரணம் கேமரா அன்று, எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர். பூமி சுழல்வதால் அந்த லென்சில் இரண்டே நொடிகளில் புள்ளி கோடாகிவிடும். கீலால் இணைத்த இரு பலகைகளை, 1 மி.மீ. பிட்ச் (மரை இடைவெளி) உள்ள த்ரெட் ராடு (மரை வெட்டிய கம்பி) நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் விரித்துக்கொண்டே போனால் மேற்பலகையில் பொருத்திய கேமரா வானத்தோடு சேர்ந்து திரும்பும். அதற்கு ராடு கீலிலிருந்து 228.6 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். நேரான ராடே போதும் என்றிருந்த என்னிடம், பலகை விரிய விரியக் கணக்குப் பிசகுமே என்று சொல்லி, அதை வில்லாக வளைத்து, நட்டு மட்டும் சுழலும்படி மாற்றித் தந்தார். அந்த வேலைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கீலைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும் என்பது எளிய விதிதான். ஆனால் ஜவ்வாது மலையிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் பன்னிரண்டரை பாகை உயரத்திலேயே இருக்கும். நாங்கள் நின்ற இடத்தில் வடக்கே இருந்த மேடு அதை மறைத்துவிட்டது. உடன் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், உச்சியருகே ஒரு விண்மீனைத் திரையில் கவனித்து, அது விலகும் பக்கம் பார்த்துத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒன்றரை மணி நேரத்தில் திசையைச் சரிசெய்தார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சாமை அறுத்த நிலத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்து, வாசல் விளக்கையும் விடியும்வரை அணைத்து வைத்த விவசாயிக்கும், லென்சில் பனி படிந்து முந்தைய பயணம் வீணான கதையைக் கேட்டு, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி லென்சோடு கட்டச் சொன்ன அவருடைய தாயாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

முப்பது நொடிப் படங்கள் 140 எடுத்ததில் 102 தேறின. மொத்தம் 51 நிமிட ஒளி. 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க வானியலர் ஹென்றி டிரேப்பர் இதே நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தபோது ஒளிப்படத் தட்டுக்கு ஒளி காட்டியதும் 51 நிமிடங்களே என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். என் 102 படங்களையும் ஒன்றாக அடுக்க உதவிய சிரில் மென்பொருளை உருவாக்கி இலவசமாக வழங்குவோருக்கும் நன்றி. நெபுலாவின் நடுப்பகுதி வெளுத்துப்போகாமல் நான்கு இளம் விண்மீன்கள் தனித்தனியே தெரிவது, ஐந்து நொடிப் படங்களும் எடுத்துக்கொள்ளும்படி கேமரா தந்த நண்பர் சொன்னதால்தான். சிவப்பு குறைவாக இருப்பது மட்டும் யார் குற்றமும் அன்று. ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியைச் சாதாரணக் கேமராவின் உள்வடிகட்டி தடுத்துவிடுகிறது.

அச்சிட்ட பிரதிகளை அடுத்த மாதம் நேரில் கொண்டுவருகிறேன். பட்டறைக்குரியது மட்டும் சற்றுப் பெரியது. நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்ட இடம் ஒதுக்கியிருப்பதாக அவரே சொன்னார்.

நன்றியுடன்,
உங்கள் அன்பன்