160 ஏக்கர் புல்வெளிக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், சுவிஃப்ட் கரண்ட் நகருக்குத் தெற்கே, ஓய்வுபெறவிருக்கும் விவசாயி ஒருவர் தமது 160 ஏக்கர் நிலத்தை இனி எவர் வாங்கினாலும் உழக்கூடாது என்னும் நிபந்தனையை நிலப் பத்திரத்திலேயே பதிந்துவிட முன்வந்திருக்கிறார். அதில் ஏறத்தாழப் பாதி, கலப்பை படாத பூர்விகப் புல்வெளி. மறுபாதியில் நெடுங்காலம் கோதுமையும், பின்னர் பருப்பும் விளைந்தன. உழுத பாதியில் உள்ளூர்ப் புல்லை மீண்டும் விதைத்து, நிலம் முழுவதற்கும் வேலியை மாற்றிக் கட்டும் பணியை, அக்கம்பக்கத்து விவசாயிகளும் ரெஜைனா, சாஸ்கடூன் நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் சேர்ந்த எங்கள் குழு ஏற்றுள்ளது. இதற்கு 36,000 டாலர் திரட்ட வேண்டியுள்ளது.

நமக்கும் அந்தப் புல்லுக்கும் என்ன தொடர்பு என்று எங்கள் முதற்கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். கனடாவிலிருந்து இலங்கைக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறும் மைசூர்ப் பருப்பில் பெரும்பகுதி இந்த மாகாணத்து மண்ணில் விளைந்தது என்பதே நாங்கள் அவருக்குச் சொன்ன விடை. நாம் இங்கு குடிவருவதற்கு முன்பே இந்த மண் நம் அடுப்புக்கு வந்துவிட்டது.

1857 முதல் 1860 வரை இப்பகுதியை ஆராய்ந்த ஜான் பாலிசர், இதன் தென்பகுதி வேளாண்மைக்கு ஏற்காத வறண்ட நிலம் என்று அறிக்கை கொடுத்தார். ஆயினும் 1872ஆம் ஆண்டுச் சட்டம், 10 டாலர் கட்டணம் செலுத்தி, குடியிருந்து, உழுது பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் வழங்கியது. மேலே முழங்கால் உயரமே எழும்பினாலும் கீழே ஓராள் ஆழத்துக்கு வேரோடியிருந்த புற்கள் மண்ணைப் பிடித்து வைத்திருந்தன, அவை புரட்டப்பட்டன. ஈரத்தைச் சேமிக்கவென்று நிலத்தை ஓராண்டு விட்டு ஓராண்டு ஆறப்போட்டு, களை முளைக்காதபடி திரும்பத் திரும்ப உழுததால், 1930களின் வறட்சியில் பொடியாகிக் கிடந்த மேல்மண்ணைக் காற்று வாரிச் சென்றது. 1935இல் கூட்டரசு அமைத்த புனரமைப்பு நிறுவனம் கைவிடப்பட்ட வயல்களில் சைபீரியப் பகுதிப் புல் ஒன்றை விதைத்துப் புழுதியை அடக்கியது. அன்று மண்ணைக் காத்த அதே புல் இன்று பூர்விகப் புல்வெளிக்குள் ஊடுருவி உள்ளூர் இனங்களை நெருக்குகிறது. எங்கள் நிலத்தின் மேற்கு ஓரத்திலும் அது வேரூன்றியுள்ளது. அதை அகற்றிய பின்னரே விதைக்க முடியும்.

1970களில் இங்கு பரவத் தொடங்கிய பருப்புச் சாகுபடியும், பின்னர் வந்த உழாமல் விதைக்கும் முறையும் நிலத்தை ஆறப்போடும் வழக்கத்தை வெகுவாகக் குறைத்தன. மண் பறப்பதும் குறைந்தது. இது விவசாயிகளின் சாதனை. புல்வெளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் பூர்விகப் புல்வெளியில் மிஞ்சியிருப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் துண்டுதுண்டாகவே கிடக்கிறது. பேட்ஜர் என்னும் விலங்கும் தரை அணிலும் தோண்டிக் கைவிட்ட வளைகளில் குஞ்சு பொரிக்கும் வளை ஆந்தைக்கு, குட்டையான புல்லும் உழப்படாத தரையும் வேண்டும். கோதுமைத் தாளடியில் அது பிழைக்காது. கனடாவிலிருந்து 1930களில் மறைந்துபோன சுவிஃப்ட் நரியை 1983 முதல் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கும் இத்தகைய நிலமே புகலிடம்.

வேலிக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மிக விரைந்து ஓடக்கூடிய, மான் போன்ற விலங்கான பிராங்ஹார்ன், பெரும்பாலும் வேலியைத் தாண்டிக் குதிப்பதில்லை. குனிந்து அடியில் நுழைந்தே செல்லும். முள்கம்பி தாழ்வாக இருந்தால் அதன் முதுகு கிழிகிறது. பனி குவிந்துவிட்டால் வழியே அடைபடுகிறது. ஆகவே அடிக்கம்பியை முள்ளில்லாத கம்பியாக மாற்றித் தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில் கட்டவிருக்கிறோம். வேலியையே எடுத்துவிடலாமே என்றால், அதுவும் இயலாது. காட்டெருமை மேய்ந்து வளர்ந்த புல்வெளி இது; இன்று அந்த மேய்ச்சலை மாடுகள்தான் செய்கின்றன, அவற்றை அடக்கி மேய்க்க வேலி வேண்டும்.

விதைப்பைப் பற்றியும் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். உள்ளூர்ப் புற்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வேரைத்தான் வளர்க்கும். அக்காலத்தில் வந்து பார்ப்பவர்களுக்குக் களைக்காடு ஒன்றே தென்படும். அதைக் கண்டு பணம் வீணாயிற்று என்று எண்ண வேண்டாம். அந்த ஆண்டுகளின் களையெடுப்புச் செலவும் மேற்கண்ட தொகையில் அடங்கும்.

குடும்பத்துக்கு 50 டாலர் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. கூடினாலும் குறைந்தாலும் நன்றியுடன் ஏற்போம். காசோலையாகவோ ரொக்கமாகவோ மாதக் கூட்டத்தில் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளலாம். எங்கள் குழு பதிவுபெற்ற அறக்கட்டளை அல்ல. ஆதலால் வருமான வரிச் சலுகைக்கான சீட்டு தர இயலாது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வரவு செலவு கூட்டத்தில் வாசிக்கப்படும். நிலம் உறைவதற்குச் சற்று முன்பு விதைக்க வேண்டியிருப்பதால், செப்டம்பர் இறுதிக்குள் தொகை சேர வேண்டும். சேராவிடில், இருப்பதைக் கொண்டு வேலியை முடித்துவிட்டு விதைப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்போம்.

பணம் கொடுக்க இயலாதவர்கள் பழைய முள்கம்பியைக் கழற்றிச் சுருட்ட ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமைகளில் வரலாம். தடித்த கையுறை கொண்டுவரவும். மதிய உணவு எங்கள் பொறுப்பு.

இங்ஙனம்,
குழுவினர்