வயிறு நிறைந்த ஊரிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் போனில் அப்பா கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன். "பட்டினியைப் பற்றி ஆராய்ச்சி பண்ண, வயிறு நிறைந்த ஊருக்கு எதற்கம்மா போகவேண்டும்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவரிடம் நேரே சொன்னால் நடுவில் நாலு கேள்வி கேட்பார். உனக்கு எழுதினால் பக்குவமாகப் படித்துக் காட்டுவாய்.

நெதர்லாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் என்று எழுதியிருந்தேன் அல்லவா, இப்போது ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகமாட்டேன் என்கிறது. சைக்கிள் பழகிவிட்டது. எதிர்காற்றுதான் இன்னும் பழகவில்லை.

இது எப்போதுமே வயிறு நிறைந்த ஊராக இருந்ததில்லை என்று அப்பாவிடம் சொல். போன மாதம் 4ஆம் தேதி, ராத்திரி சரியாக எட்டு மணி, சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறேன். முன்னால் போனவர்கள் எல்லோரும் சட்டென்று இறங்கி நின்றுவிட்டார்கள். போரில் இறந்தவர்களுக்காக இரண்டு நிமிட மௌனம். எனக்கு விஷயம் புரிவதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. வீட்டுக்காரம்மாவிடம் கேட்டபோது அவர் 1944 குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னார். ரயில்வே வேலைநிறுத்தம் நடந்ததற்குப் பழிவாங்க, ஜெர்மன் ராணுவம் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்துவிட்டது. பிறகு தடையைத் தளர்த்தினாலும், கால்வாய்கள் உறைந்து படகும் ஓடவில்லை. ஜனங்கள் துலிப் கிழங்கைத் தின்றிருக்கிறார்கள். 20,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அந்தப் பஞ்சம் எந்த மாதம் தொடங்கியது, எந்த மாதம் முடிந்தது என்று துல்லியமாகத் தெரியும். யார் எப்போது பிறந்தார்கள் என்ற பதிவேடும் பத்திரமாக இருந்தது. பசி எல்லா ஊரிலும் இருக்கிறது, அதன் கணக்குநோட்டு எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதைத் தேடி முதலில் வந்தவர்களில் இரண்டு பேர் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறிய தம்பதி, ஜீனா ஸ்டைனும் மெர்வின் சஸ்ஸரும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது வைத்த பரிசோதனைப் பதிவுகளைப் புரட்டினார்கள். கருவில் பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு அறிவு மட்டமாகவில்லை என்று 1972இல் எழுதினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் நடுவயதைத் தாண்டிய பிறகு சர்க்கரை நோய் அதிகமாகத் தலைகாட்டியதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இனிமேல் சொல்வது உனக்கு. லைடன் பல்கலைக்கழகமும் கொலம்பியாவும் சேர்ந்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. பஞ்சத்தில் கருவானவரின் ரத்தத்தை யாருடைய ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள் தெரியுமா? கூடப் பிறந்தவரின் ரத்தத்தோடு. அக்காவுக்குத் தங்கை, அண்ணனுக்குத் தம்பி. ஒரே அம்மா, பஞ்சம் மட்டும்தான் வித்தியாசம். அறுபது வருடம் கழித்தும் ஒரு வளர்ச்சி மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் ரசாயனக் குறி பஞ்சத்துப் பிள்ளைகளிடம் குறைவாக இருந்தது. வீட்டுக்காரம்மாவின் அக்கா 1945இல் பிறந்தவர், இவர் 1948. "எங்களை யாரும் கூப்பிடவே இல்லையே" என்று இவருக்குக் குறை!

சரி, என் வேலைக்கு வருகிறேன். மூன்று கண்டங்களில் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் திட்டம். இங்கே வந்த இரண்டாவது வாரம், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்து ஒரு பெட்டியை வெளியே எடுத்தேன். பனியைத் துடைத்தால் குழாய்களின் மேல் என் கையெழுத்து. நான் 7 போட்டால் நடுவில் ஒரு கோடு இழுப்பேனே, அதே 7. நான் களத்தில் அலைந்த இரண்டு வருடத்தில் எடுத்த ரத்தம், எனக்கு முன்னால் விமானம் ஏறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்து வந்த கட்டுரையில் எங்கள் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் "களப்பணியாளர்கள்" என்று ஒரே சொல், அவ்வளவுதான். அப்பாவின் கேள்வி ஏன் குத்தியது என்று இப்போது புரிகிறதா?

இதைவிட வெட்கம் ஒன்று இருக்கிறது. இப்போது நானே மாதாமாதம் களத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு "தரவு ஏன் இன்னும் வரவில்லை" என்று மின்னஞ்சல் போடுகிறேன்.

அங்கே ஏன் தாமதமாகிறது என்பது எனக்குத் தெரியாதா? ஒரு குழந்தையின் நீளத்தை அளப்பதை நினைத்துப் பார். பலகையில் படுக்கவைத்து ஒருவர் தலையைப் பிடிக்கவேண்டும், இன்னொருவர் முட்டியை மெல்ல அழுத்திக் கால்பக்கத்துக் கட்டையை நகர்த்தவேண்டும். குழந்தை உதைக்கும், அம்மா முகம் வாடும். முடிந்ததும் இரண்டு பேரும் இடம் மாறி, முதல் அளவைப் பார்க்காமல் மறுபடி அளக்கவேண்டும். இரண்டுக்கும் 7 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. இந்த 7 மில்லிமீட்டர் கணக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்விலிருந்து வந்தது. 1997 முதல் 2003 வரை பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, டெல்லி, ஆஸ்லோ, மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ் என்று ஆறு ஊர்களில் சுமார் 8,500 குழந்தைகளை ஒரே முறையில் அளந்தார்கள். அதற்கு முன் உலகம் முழுக்க அமெரிக்கக் குழந்தைகளின் அட்டவணைதான் அளவுகோல். நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்தால் ஐந்து வயதுவரை எந்த நாட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளரும் என்று அந்த ஆய்வு காட்டியது. ஆறு ஊர்க்காரர்களும் ஒரே பலகையின் முன்னால் குனிந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது. கூட்டு ஆராய்ச்சி என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். கையெழுத்துப் போடும் விழாவும் கொடி வைத்த மேஜையும் அப்புறம்தான்.

கேள்வித்தாள் சண்டை தனி. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால், பல மொழிகளில் முக்கியமான தானியத்தை மட்டும்தான் சாப்பாடு என்று சொல்வார்கள், மற்றதெல்லாம் கணக்கிலேயே வராது. அதனால் "எழுந்ததிலிருந்து வாயில் போட்டது எல்லாம்" என்று கேட்கவேண்டும் என்றேன். இங்குள்ள பேராசிரியர் அரை மணி நேரம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர். தெரியாததைத் தெரியாது என்பார்.

அடுத்த கட்டம் மாறப்போகிறது. தலைமை களம் இருக்கும் நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு, குழாய்களும் அங்கேயே இருக்கும், ஃப்ரீசர் வாங்க மட்டும் இங்கிருந்து பணம். பங்களாதேஷில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். டாக்கா ஆய்வு மையமும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, குழந்தையின் குடலில் வாழும் நல்ல கிருமிகளை வளர்க்க, கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை, வாழைக்காய் கலந்து ஒரு மாவு செய்தன. அது வழக்கமான ஊட்ட உணவைவிடக் கலோரி குறைவு, ஆனால் குழந்தைகள் எடை கூடிய வேகம் அதிகம் என்று 2021இல் வெளியிட்டார்கள். குடல் கிருமிகளைப் பார்த்தது செயின்ட் லூயிஸ், குழந்தைகளைப் பார்த்தது டாக்கா. கட்டுரையில் இரண்டு பக்கத்துப் பெயர்களும் இருந்தன.

புது ஆட்களுக்கு அளக்கக் கற்றுக்கொடுக்க டிசம்பரில் என்னை அனுப்புவதாகச் சொல்கிறார்கள். டிக்கெட் கைக்கு வரும்வரை அம்மாவிடம் சொல்லாதே.

இந்த வாரம் ஃப்ரீசர் முறை எனக்கு. வெப்பம் ஏறினால் போன் அடிக்கும், எத்தனை மணியானாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு அடித்தது. போய்ப் பார்த்தால் யாரோ கதவைச் சரியாகச் சாத்தவில்லை, வேறு ஒன்றும் இல்லை. அதனால் நீ கூப்பிட்டால் இங்கே பொழுது விடிந்த பிறகு கூப்பிடு. நடுராத்திரியில் மணி அடித்தால் பதறிப்போகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை