தேர்வு முடிவு நாள்: பெற்றோர் கவனத்திற்கு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகவிருக்கும் இந்நாட்களில், மதிப்பெண்களை இக்குழுவில் பகிர்வதையும் பிறர் பிள்ளையின் மதிப்பெண்ணை விசாரிப்பதையும் அன்புகூர்ந்து தவிர்க்க வேண்டுகிறோம். உறக்கம் குறைவது, உணவைத் தவிர்ப்பது, அறைக்குள்ளேயே முடங்குவது, சிறு காரணத்துக்கும் எரிந்துவிழுவது ஆகியவற்றைப் பிடிவாதம் என்று கடிந்துகொள்ளாமல், அருகில் அமர்ந்து குறுக்கிடாமல் கேளுங்கள். அறிவுரையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். தேர்ச்சி பெறாதவர்களுக்குத் துணைத் தேர்வு உண்டு என்பதை, முடிவு வருமுன்பே, இன்றிரவே சொல்லிவைப்பது நல்லது. "வாழவே பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் அதை ஒருபோதும் மிரட்டலாகக் கருதாதீர்கள்; தனியே விடாமல் உடனிருந்து, 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் தாங்களாகவே அழைப்பதற்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உள்ளது. அதை அவர்களிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.