மாமரத்தடிக்கு ஒரு தட்டி, கொஞ்சம் செடி: கைகொடுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மெயின் கேட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம், மாமரத்துக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் 40 அடி நீளத்துக்கு ஒரு மொட்டை நிலம் கிடக்கிறதே, அதைப் பற்றித்தான் இது. அங்கே பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி, மோட்டார் ரூம், யாருடையது என்றே தெரியாத ரெண்டு ஓட்டை சைக்கிள். காலையில் ஸ்கூல் வேனுக்காகப் பிள்ளைகள் நிற்பதும் அதே இடத்தில்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு. இந்த வருஷமாவது அதைச் சரிசெய்துவிடலாம் என்று தோட்டக் கமிட்டி கூடிப் பேசியிருக்கிறோம். பணம் வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், 36,000 ரூபாய் குறைகிறது.

போன தடவை கொடுத்த காசு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் செம்பருத்தி, குரோட்டன்ஸ், அரளி என்று நர்சரியில் கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து நட்டோம். எல்லாமே வெயில் கேட்கிற செடி. செம்பருத்தி நாலு மாசம் ஒரு பூ கூடக் காட்டாமல் ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்து, கடைசியில் மாவுப்பூச்சி விழுந்து போய்ச் சேர்ந்தது. அதைவிடப் பெரிய தப்பு, மரத்தைச் சுற்றிச் செங்கல் வட்டம் கட்டி ஒன்றரை அடி உயரத்துக்குச் செம்மண் கொட்டியது. அந்த யோசனை என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். அடிமரத்துப் பட்டை எந்நேரமும் ஈரத்திலேயே கிடந்து ஊறி, விரலால் தொட்டாலே உரிந்து வர ஆரம்பித்த பிறகுதான் புத்தி வந்தது. மண்ணையெல்லாம் வாரி எடுத்தோம். மரம் தப்பித்தது.

அதனால் இந்தத் தடவை முதலில் மண்ணைப் பார்த்தோம். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வாட்ச்மேன் அண்ணனும் கைக்கொத்தை வைத்துத் தோண்டினோம். நாலு விரக்கடை இறங்குவதற்குள் நூல் நூலாக வேர், தேங்காய் நார் மிதியடி மாதிரி பின்னிக் கிடக்கிறது. முந்தின நாள் ராத்திரி நல்ல மழை, கேட் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது, இங்கேயோ மேல்மண் மட்டும் நனைந்து ஒரு அங்குலத்துக்குக் கீழே வெறும் பொடி. மாமரம் வருஷம் முழுக்க இலை வைத்திருக்கிற மரம், மழையைக் குடை மாதிரி வாங்கி ஓரத்தில் சொட்டவிட்டுவிடும். உள்ளே விழுகிற கொஞ்சத்தையும் அந்த வேர் குடித்துவிடும். நிழலைச் சமாளிக்கச் செடி இருக்கிறது. நிழலும் வறட்சியும் சேர்ந்து இருப்பதுதான் இங்கே சிக்கல்.

கிளையைக் கழித்துவிட்டால் வெயில் விழுமே, புல்லே போடலாமே என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. வேண்டாம் என்பது கமிட்டியின் முடிவு. இந்த இடத்தில் அபார்ட்மென்ட் வருவதற்கு முன்னால் இருந்த தனிவீட்டுக் காலத்து ருமானி மரம் அது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தபோது ஒரு கிளையை மட்டும் கொடுத்துவிட்டு நின்ற மரம். மே மாசத்தில் அதன் அடியில் கார் நிறுத்த நடக்கிற சண்டையே அந்த நிழலுக்கு என்ன மதிப்பு என்று சொல்லும். மரத்துக்கு ஏற்ற மாதிரி செடியை மாற்றிக்கொள்வோம்.

சுவர் ஓரமாக 12 அரேகா பனை, நடுநடுவே 4 ராபிஸ் பனை (லேடி பாம் என்பார்கள்). ரெண்டும் நிழலில் நிற்கும், கொத்துக் கொத்தாக வளர்ந்து சுவரை மறைக்கும். அதற்கு முன்னால் மருள், அதாங்க பாம்புக் கற்றாழை, 40 செடி. தண்ணீரை மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. தரையில் படர சிங்கோனியமும் ரியோவும். பெரணியை மட்டும் மரத்தை விட்டுத் தள்ளி, மழை சொட்டுகிற ஓரத்தில் வைக்கிறோம். காரணம் இருக்கிறது: தை, மாசியில் மாம்பூ கொட்டும், கூடவே தத்துப்பூச்சி விடுகிற பிசுபிசுப்பு கீழே இருக்கிற இலையெல்லாம் படிந்து, அதன்மேல் கரி பூசின மாதிரி பூஞ்சை வரும். மருள் இலையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், பெரணியை யார் துடைப்பது? பைப் பக்கம் இருக்கிற மூலையில் ரெண்டு வெற்றிலைக் கொடி. கொடிக்காலில் அகத்தி நிழலில் வளர்ப்பதுதானே வெற்றிலை, ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொண்டால் தட்டியைப் பிடித்து ஏறிவிடும்.

தட்டி என்றேன் அல்லவா, செலவில் பெரிய பங்கு அதுதான். குப்பைத் தொட்டியையும் மோட்டார் ரூமையும் மறைக்க 24 அடி நீளம், 5 அடி உயரத்துக்கு மூங்கில் தட்டி, ஜிஐ பைப் சட்டத்தில். பச்சை வலை மலிவுதான், ஆனால் ஆறு மாசத்தில் கிழிந்து கொடியேற்றின மாதிரி பறக்கும். மூங்கிலையும் இழைக்கு இழை கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் கட்டச் சொல்லியிருக்கிறோம், காற்று புகுந்து போகட்டும். தொட்டியை வெளியே இழுக்க 4 அடிக்கு ஒரு கதவு. பைப் ஊன்றும் குழியில் கட்டைவிரல் பருமனுக்கு வேர் தட்டுப்பட்டால் குழியைத் தள்ளிப்போட வேண்டும், வேரை வெட்டக்கூடாது என்று வெல்டரிடம் பேசியாகிவிட்டது. மரத்தில் ஒரு ஆணி அடிக்க மாட்டோம். வார்னிஷ் அடித்து வைத்தால் தட்டி மூன்று வருஷம் தாங்கும், அதற்குள் அரேகா தலைக்கு மேல் வந்துவிடும் என்பது எங்கள் கணக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். தட்டியும் சட்டமும் கூலியோடு 18,500. செடிகள் 12,200. மக்கின உரம், கொஞ்சம் மண், தேங்காய் நார்த்தூள் எல்லாம் 4,800. சொட்டுநீர்க் குழாய் 3,500. ரெண்டு ஆள் மூணு நாள் வேலை, தலைக்கு 900 வீதம் 5,400. முதல் வருஷம் பட்டுப்போகிற செடிக்குப் பதில் வைக்க 3,000, ஏனென்றால் சிலது பட்டுத்தான் போகும். மொத்தம் 47,400. பழைய பேப்பர் போட்டது, கோடையில் மாங்காய் விற்றது, பொங்கல் விழாவில் மிஞ்சியது எல்லாம் சேர்த்து கையில் 11,400 இருக்கிறது. மீதி 36,000. 36 வீடு, வீட்டுக்கு ஆயிரம் என்று சுலபமாகத்தான் தெரியும். ஆனால் 6 வீடு பூட்டிக் கிடக்கிறது, வாடகைக்கு இருப்பவர்களிடம் கட்டாயம் என்று சொல்ல எங்களுக்கு மனசில்லை. முடிந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் கொடுங்கள், முடியாதவர்கள் நூறு கொடுத்தாலும் ரசீது உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று போர்டில் எழுத மாட்டோம், என்ன செலவானது என்பதை மட்டும் பில்லோடு ஒட்டுவோம்.

காசுக்குப் பதில் செடியாகக் கொடுத்தாலும் சந்தோஷம். உங்கள் பால்கனியில் மருள் தொட்டியை உடைக்கிற அளவுக்குப் பெருகியிருந்தால் பிரித்துக் கொடுங்கள், சிங்கோனியம் கிளை நாலு கிள்ளிக் கொடுங்கள். செடிச் செலவில் அவ்வளவும் மிச்சம். இந்த ரெண்டையும் நாய், பூனை கடித்தால் வாய் எரியும், வயிற்றுக்கும் ஆகாது. வளர்ப்பவர்கள் கவனம்.

பாம்பு வரும், கொசு வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு: செடிக்கும் சுவருக்கும் நடுவில் பெருக்குகிற அளவுக்கு ஒன்றரை அடி விட்டுத்தான் நடுகிறோம், சருகு அங்கே குவியாது. எல்லாம் மண்ணில் நேராக நடுவது, தொட்டி கிடையாது, தண்ணீர் தேங்குகிற தட்டும் கிடையாது. பாம்புக்கு இப்போது பிடித்த இடம் அந்த ஓட்டை சைக்கிள்களுக்கு அடியில்தான். உரியவர்கள் தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டு அதையும் நிதியில் சேர்த்துவிடுவோம்.

வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் செடி வேர்விட்டிருக்க வேண்டும், அதனால் செப்டம்பர் 15-க்குள் பணம் வந்தால் வசதி. அசோசியேஷன் கணக்குக்கு அனுப்பலாம், லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடில் ஜிபே பண்ணலாம், "மரத்தடி" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், மெயின்டனன்ஸோடு குழம்பாமல் இருக்கும். நடுகை செப்டம்பர் கடைசி ஞாயிறு காலை 6.30-க்கு. வேருக்கு நடுவில் கையால்தான் குழி எடுக்க வேண்டும், மண்வெட்டி ஆகாது. வீட்டில் கைக்கொத்து இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், எங்களிடம் மூணுதான் இருக்கிறது. டீயும் போண்டாவும் கமிட்டி கைக்காசு, நன்கொடையில் தொட மாட்டோம்.

இப்படிக்கு,
தோட்டக் கமிட்டி