நடுமடிப்பில் காணாமல் போகும் ஓவியம்

ஆசிரியருக்கு,

ஓவியர்களின் வாழ்க்கையைப் படக்கதையாகச் சொல்லும் சிறுவர் நூல்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கதையையும் சித்திரத்தையும் மெச்சுகிறது. புத்தகத்துக்குள் அந்த ஓவியர் தீட்டிய ஓவியம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. பல நூல்களில் இருப்பதில்லை. நூலுக்குப் படம் போட்டவர் தம் பாணியில் திரும்ப வரைந்ததுதான் இருக்கும்; பிள்ளைகள் அதையே டச்சு ஓவியர் வான்கோ தீட்டியது என்று நம்பிவிடுவார்கள்.

வான்கோவையே பார்ப்போம். 'நட்சத்திர இரவு' என்றதும் குன்றின் மேல் ஓவியம் வரையும் தாங்கியை நட்டு, நிலா வெளிச்சத்தில் தூரிகை பிடிக்கும் தாடிக்காரரைப் போட்டுவிடத் தோன்றும். அந்தப் படத்தை அவர் 1889 ஜூனில் பிரான்சின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் தீட்டினார். வானம் படுக்கையறைச் சன்னல் வழியே பார்த்தது. வரைந்தது பகலில், கீழ்த்தளத்து அறையில். அந்தச் சன்னலிலிருந்து ஊர் தெரியாது, வீடுகளை அவராகச் சேர்த்தார். திறந்தவெளியில் இரவில் நின்று வரைந்தது அதற்கு முந்தைய ஆண்டு, ஆர்ல் நகரில், ரோன் ஆற்றங்கரையில். இரண்டையும் ஒன்றாக்கினால் கதையில் இருந்த ருசியான விஷயமே போய்விடுகிறது: கண்ணால் கண்டதை மனசில் வைத்திருந்து, பிறகு உட்கார்ந்து, இல்லாததையும் சேர்த்துப் போட்டார்.

அளவையும் சொல்ல வேண்டும். அந்த ஓவியம் 73.7 × 92.1 செ.மீ., ஏறக்குறைய சட்டத்தோடு சேர்ந்த கேரம் போர்டு. பிக்காசோவின் 'கெர்னிகா' சுமார் 3.5 × 7.8 மீட்டர், வகுப்பறைச் சுவர் நீளம். புத்தகத்தில் இரண்டும் 15 செ.மீ. அகலத்தில் வந்தால் என்ன புரியும்? ஓவியத்துக்குப் பக்கத்தில் அதே விகிதத்தில் ஒரு சிறுமியின் கோட்டுருவம் போதும்.

அடுத்தது அச்சு. வழக்கமான 32 பக்கப் புத்தகத்தில் சென்டர் பின் (மடித்த தாள்களின் நடுவில் பின்) அடித்தால் எதிரெதிரே வரும் பக்கங்களில் 16ஆம், 17ஆம் பக்கங்கள் மட்டுமே ஒரே தாளில் சேர்ந்து வரும். மற்ற எதிரெதிர்ப் பக்கங்கள் வேறு வேறு தாள்கள். நிறமும் கோடும் கொஞ்சமாவது விலகும். பர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசை போட்டு ஒட்டுவது) என்றால் நடுவில் ஒவ்வொரு பக்கமும் சில மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். முகம் அங்கே விழுந்தால் மூக்கு போச்சு. லே-அவுட் முடிக்குமுன் எட்டு ஏ4 தாளை மடித்துத் தைத்து ஒரு டம்மி (மாதிரிப் புத்தகம்) செய்து பார்த்தாலே தெரிந்துவிடும். மூல ஓவியத்தை நடுமடிப்பில் ஓட்டாமல் ஒரே பக்கத்தில் வைப்பதே நல்லது. 20 செ.மீ. அகலத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமானால் குறுக்கே சுமார் 2,360 பிக்சல் தேவை. இணையத்தில் இறக்கிய 800 பிக்சல் படம் கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருக்கும், தாளில் குழைந்துவிடும்.

மொழிபெயர்ப்பு நூல்களில் இன்னொரு தொல்லை. ஆங்கில வரிக்கு வெட்டிய கட்டத்தில் தமிழ் அடங்காது. எழுத்தைச் சுருக்கி, கொம்பும் சுழியும் அடுத்த வரியில் இடிக்கவிடுகிறார்கள். வண்ண அச்சில் நான்கு மைக்கும் தனித்தனி பிளேட் (அச்சுத் தகடு) உண்டு; எழுத்து முழுவதையும் கறுப்பு பிளேட்டில் மட்டும் வைத்தால் மொழி மாறும்போது அந்த ஒரு பிளேட்டை மாற்றினால் போதும். கரும் வானத்தில் வெள்ளை எழுத்து போட்டிருந்தால் நான்கு பிளேட்டையும் மாற்ற வேண்டும். செலவுக்குப் பயந்துதான் தமிழ்ப் பதிப்பில் வானத்தின் மேல் வெள்ளைப் பெட்டி ஒட்டுகிறார்கள்.

நம் ஓவியர்களைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்குப் பதிப்புரிமைக் கணக்கு: நம் சட்டப்படி, ஓவியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ரவிவர்மா (இறப்பு 1906) பிரச்சினையில்லை. நல்ல புகைப்படத்துக்குத்தான் எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அனுமதி கேட்க வேண்டும். சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1977இல் மறைந்தார். 2037 முடியும்வரை உரிமையாளர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். ஓவியர் ஆதிமூலத்துக்கு (இறப்பு 2008) 2068 வரை.

தேவி பிரசாத் ராய் சவுத்ரி (இறப்பு 1975) கதை வேறு. மெரினாவில் 1959 முதல் நிற்கும் அவருடைய உழைப்பாளர் சிலை பொது இடத்தில் நிரந்தரமாக இருப்பதால், அதை வரையவோ படம் பிடித்து வெளியிடவோ சட்டமே இடம் தருகிறது. பாறையைப் புரட்டும் நால்வரையும் பதினாறாம் பக்கத்திலிருந்து பதினேழுக்கு நீட்டிப் போடலாம். அங்கே யார் முதுகும் மடிப்பில் ஒடியாது.

சிறுவர் நூல் வடிவமைப்பாளர்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5