கத்தியில் சித்திரம் வெட்டக் கற்கிறேன்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் கோயில்வரை நடந்து போய் வருகிறார்.

ஓய்வு பெற்றபின் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். கத்தியில் சித்திரம் வெட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பாத்திரக் கடைத் திண்ணையில் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து சீர் பாத்திரங்களில் பேர் வெட்டுவார்களே, அதற்கு நெருங்கிய வேலைதான். இப்போது கடைகளில் அதிரும் மின்கருவியால் எழுதிவிடுகிறார்கள். அது உலோகத்தைக் குத்திக்கொண்டே போகும், அவ்வளவுதான். கையுளி அப்படியில்லை. மெல்லிய சுருளாக உலோகத்தைச் சீவி எடுக்கும். வெட்டிய பள்ளத்தின் இரண்டு பக்கமும் பளபளவென்று இருக்கும். அந்த மினுக்கு வேறு எதிலும் வராது. லேசர் இயந்திரம் ஐந்து நிமிடத்தில் செய்யாதா என்று என் மகன் கேட்டான். செய்யும். ஆனால் அது வேறு பொருள்.

நீயும் நானும் லேத்தில் காலம் தள்ளியவர்கள் என்பதால் உளியைப் பற்றி உனக்குச் சொன்னால் புரியும். நாம் லேத்தில் பயன்படுத்திய அதே எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூல் பிட்தான், மூன்று மில்லிமீட்டர் சதுரத்தில். முன்முகத்தை 45 பாகையில் சாய்க்க வேண்டும். அடியில் 'வி' வடிவம், இரு பக்கமும் சேர்ந்து 120 பாகை. நுனிக்குக் கீழே 15 முதல் 20 பாகையில் ஒரு குட்டிச் சரிவு. அதைக் குதி என்கிறார்கள். குதி இல்லாவிட்டால் உளி உலோகத்துக்குள் குத்திட்டு இறங்கிவிடும். நீளமாகிவிட்டாலோ, வளைவு திரும்பும்போது பள்ளத்தின் வெளிச்சுவரைத் தேய்த்துவிடும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தச் சரிவில்தான் பாதி வித்தை இருக்கிறது. வெட்டும் நேரத்துக்குச் சமமாகச் சாணை பிடிக்கும் நேரமும் போகிறது. கூர் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்தால் போதும். வழுக்கினால் மழுங்கிவிட்டது, பிடித்துக்கொண்டால் கூர் இருக்கிறது.

இன்னொன்று, வளைவை உளி வரைவதில்லை. கனமான உருண்டை வைஸில் பொருளைப் பிடித்து, இடது கை அதைத் திருப்பும். வலது கை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். உளியைக் கொஞ்சம் சாய்த்தால் கோடு தடிக்கும், நிமிர்த்தினால் மெலியும். ஒரு கொடி இலை அப்படித்தான் பிறக்கிறது. பழக மைல்டு ஸ்டீல் தகடே நல்லது. செம்பு உளியில் ஒட்டிக்கொண்டு கையைக் குழப்பும்.

கத்தியின் அலகில் வெட்டுவதற்கு ஒரு பெரிய நிபந்தனை உண்டு. கொல்லன் கத்தியைச் சிவக்கக் காய்ச்சித் துவைச்சல் கொடுப்பதற்கு, அதாவது சட்டென்று தோய்த்துக் கடினமாக்குவதற்கு, முன்பே சித்திரம் முடிந்திருக்க வேண்டும். நல்ல கத்தி பதம் ஏறினால் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58, 60 வரை போய்விடும். நம் உளி 64 பக்கம்தான். அதை வைத்து அழுத்தினால் நுனிதான் தெறிக்கும். டங்ஸ்டன் கார்பைடு உளி கொஞ்சம் வெட்டும், ஆனால் அதன் நுனியும் சட்டென்று உடையும். ஆகவே இது கொல்லனோடு முன்கூட்டியே பேசிச் செய்ய வேண்டிய வேலை. ஆழமாக, கூரான அடியோடு வெட்டினால் துவைச்சலின்போது அங்கேயே விரிசல் தொடங்கலாம் என்பதும் ஞாபகத்தில் இருக்க வேண்டும். அனுபவசாலிகள் பெரும்பாலும் அலகை விட்டுவிட்டு, பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள மென்மையான உலோகப் பட்டையில்தான் வேலையைக் காட்டுகிறார்கள். இத்தாலியில் பிரெஷியா பக்கம் கார்தோனே வால் திரோம்பியா என்று துப்பாக்கி செய்யும் ஊர் ஒன்று இருக்கிறது. அங்குள்ள கலைஞர்கள் நுண்ணிய புள்ளிகளாலும் மயிரிழைக் கோடுகளாலும் எஃகில் பறவையின் இறகைக்கூடக் கொண்டுவந்துவிடுகிறார்கள். படம் பார்த்தே மலைத்துப்போனேன்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் இருக்கின்றனவே, போன மாதம் அவற்றைப் பார்க்கவே போனேன். கைக்காப்பிலும் அலகின் அடியிலும் யாளியும் கொடியுமாக வேலை. சிலவற்றில் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது, பிடி தஞ்சாவூரில் செய்தது. வெட்டும் விளிம்பை யாரும் தொடவில்லை. ஆயுதம் தெரிந்தவர்கள் செய்த அலங்காரம் அது. எனக்கு அது பெரிய பாடம்.

உங்கள் பாட்டியின் பாக்குவெட்டியில் பேர் வெட்டித் தர முடியுமா என்று கேட்டிருந்தாயே, முடியும். ஆனால் வேண்டாம் என்பது என் எண்ணம். அத்தனை வருஷம் கைபட்டு வந்த நிறத்தை ஒரு கோடு கிழித்தாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. எண்ணெய் தடவி அப்படியே வைத்திரு. பேர் வேண்டுமென்றால் உன் சமையலறைக் கார்பன் ஸ்டீல் கத்தி ஒன்றில் உப்புத் தண்ணீரால் போட்டுத் தருகிறேன். நகப்பூச்சைத் தடவி, எழுத்தை மட்டும் சுரண்டி, 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைக் கத்தியில் கட்ட வேண்டும். எதிர்முனையில் கட்டிய பஞ்சை உப்புக் கரைசலில் நனைத்துச் சில விநாடி ஒற்றி ஒற்றி எடுத்தால் இரும்பு கரைந்து எழுத்து விழும். பதம் ஏறிய அலகிலும் இது வேலை செய்யும். காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் நான் செய்ய மாட்டேன், குரோமியமும் சேர்ந்து கரையும், அந்தக் கழிவு நச்சு. உலோகத்தை அரித்துச் சித்திரம் போடும் வழி ஒன்றும் புதிதல்ல. 1500 வாக்கில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் டேனியல் ஹோப்ஃபர் என்பவர் கவசங்களை அமிலத்தால் அரித்து அலங்கரித்தார். அதே முறையில் இரும்புத் தகட்டை அரித்துக் காகிதத்தில் படம் அச்சிடவும் தொடங்கினார்.

அப்புறம் ஒரு உதவி. உன் பழைய பட்டறையில் தேய்ந்து ஒதுக்கிய டூல் பிட்கள், உடைந்த எச்எஸ்எஸ் டிரில்கள் இருந்தால் எனக்காக எடுத்து வை. மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் போதும். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. இரண்டு உளி தீட்டி ஒன்றை உனக்குத் தருகிறேன். திண்ணையில் உட்கார்ந்து நீயும் ஒரு கொடி வெட்டிப் பார்.

அன்புடன்,
உன் மச்சான்