சிறுகுறிஞ்சானும் உன் ஐந்து பேரும்

அன்புள்ள கைவைத்திய நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். சிறுகுறிஞ்சான் பொடியை நம்பிச் சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டதாக நீ எழுதிய கடிதம் வந்து இரண்டு மாதமாகியும் பதில் எழுதாததற்கு வேலைப்பளுவைக் காரணம் காட்டலாம், நீதான் நம்பமாட்டாயே. வெட்கம்தான் காரணம்.

என் சர்க்கரை நோய்க்கும் நல்லது என்று நீ சொன்னபடியே, சிறுகுறிஞ்சான் கொடியின் இலைப்பொடியை, மருத்துவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி வீதம் சாப்பிட்டு வந்தேன். இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என் வழக்கமான கிளிமிபிரைடு மாத்திரையையும் விடவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒரு விடியற்காலையில் சட்டை நனைய வியர்த்து, கை நடுங்கி விழித்தேன். சோதித்துப் பார்த்தால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, கருவி 52 என்று காட்டியது. வீட்டில் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள்; சிறிது நேரத்தில் தெளிந்தேன். பழி முழுவதையும் இலையின் மேல் போட நான் தயாராக இல்லை. முந்தைய இரவு ஒரே ஒரு தோசையோடு எழுந்துவிட்டேன். அந்த மாத்திரை தனியாகவே அப்படிச் செய்யக்கூடியது. ஆனால் இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தவனுக்கு எது எவ்வளவு செய்தது என்று யார் பிரித்துச் சொல்வது? மருத்துவரும் இதையே கேட்டார், சற்றுக் கடுமையான குரலில்.

அந்தக் கொடியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ கொடுத்த கன்று இப்போது வேலியைச் சுற்றிக்கொண்டு கூரையைத் தேடுகிறது. எதிரெதிராக இணைந்த இலைகள், கணுக்களில் கொத்தாகச் சின்னஞ்சிறு மஞ்சள் பூக்கள். நேற்றும் ஓர் இலையைப் பறித்து மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டேன்; மணல்தான். புளிப்பும் உப்பும் இருந்த இடத்திலேயே இருக்க, இனிப்பு மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் காணாமல் போகிற அந்த வேடிக்கை எத்தனை வயதானாலும் சலிப்பதில்லை. உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் 1887ஆம் ஆண்டிலேயே இந்த இலையை ஆராய்ந்து, அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு ஜிம்னீமிக் அமிலம் என்று பெயர் வைத்தார். நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளை அது தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். நாக்கு ஏமாறும், இரத்தம் ஏமாறாது: அன்று விடியற்காலையில் நான் இலையை மென்றிருந்தாலும், அந்தச் சர்க்கரைத் தண்ணீர் இனித்திருக்காதே தவிர, என்னைக் காப்பாற்றியிருக்கும். இந்தக் கொடிக்கு வழங்கும் 'சர்க்கரைக்கொல்லி' என்ற இன்னொரு பெயரில் நீ மயங்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இனி உன் சான்றுக்கு வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வை மேற்கோள் காட்டி, அதை நம்பியே மாத்திரையை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த வரி அது. அந்த ஆய்வில் 22 பேருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாறு, அவர்கள் ஏற்கெனவே எடுத்துவந்த மாத்திரைகளோடு சேர்த்து, 18 முதல் 20 மாதங்கள் வரை கொடுக்கப்பட்டது. இரத்தச் சர்க்கரை குறைந்தது என்பதும், ஐந்து பேர் மாத்திரையை விட முடிந்தது என்பதும் உண்மை. அந்த ஐந்து பேரை நீ கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். மாத்திரையை விட முடியாத மற்ற பதினேழு பேரும் உன் கண்ணில் படவே இல்லையா? அந்த ஐவரும் மாத்திரையை விட்டது ஆய்வாளர்களின் கண்காணிப்பில். நீயோ ஒரு திங்கட்கிழமை காலையில் நீயே முடிவுசெய்து அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினாய். அவர்கள் சாப்பிட்டது அளவிட்ட சாறு. நீ சாப்பிடுவது கைக்கு வந்த அளவுப் பொடி. அது மிகச் சிறிய ஆய்வு, சீட்டுப்போட்டுப் பிரித்த குழுக்களும் அதில் இல்லை. நம்பிக்கை தருகிறது என்று சொல்வேன். மருந்தை நிறுத்தும் அளவுக்கு அது போதாது.

பாட்டி கொடுத்த கஷாயத்தை நான் அவமதிப்பதாக உடனே பொங்கி எழாதே. இலையில் ஏதோ சக்தி இருக்கிறது என்று நம்புவதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒன்றுமே செய்யாத பொடியாக இருந்தால், ஆசை தீரத் தின்னு என்று விட்டிருப்பேன்.

இரண்டு காரியம் செய். உன் மருத்துவரிடம் பொடியையும் நிறுத்திய மாத்திரையையும் மறைக்காமல் சொல். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சோதித்து, எண் எதுவானாலும் எனக்கு எழுது. உன் எண் வரும்வரை இங்கே பொடி டப்பா மூடியே இருக்கும்; கொடிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவேன்.

இப்படிக்கு,
உன் பழைய சோதனை எலி